திரைதான் இருட்டு, உள்ளே உயிர் இருக்கலாம்: பழைய பாம் பைலட்டை எழுப்புவது எப்படி?

இன்னைக்கு நாம பேசப்போற பொருளை உங்கள்ல பாதிப் பேர் கையில பிடிச்சே பார்த்திருக்க மாட்டீங்க. பாம் பைலட். பாம்னதும் பயந்துடாதீங்க, வெடிக்கிற பாம் இல்ல, உள்ளங்கை. உள்ளங்கைக்குள்ள அடங்குற கம்ப்யூட்டர், அதான் பேரு.

1996-ல முதல் பைலட் வந்தது. அதை வடிவமைச்ச ஜெஃப் ஹாக்கின்ஸ், கருவி தயாராகுறதுக்கு முன்னாடியே அதே அளவுல ஒரு மரக்கட்டையைச் செஞ்சு சட்டைப்பையில போட்டுக்கிட்டுத் திரிஞ்சார். யாராவது மீட்டிங் வெச்சுக்கலாமான்னு கேட்டா கட்டையை எடுத்து அதுல குறிச்சுக்கிற மாதிரி பாவனை பண்ணுவார். இந்த அளவு கையில உறுத்துதா, பையில அடங்குதான்னு பார்க்கத்தான் அது. 1998-ல பாம் த்ரீ வந்தது. 160-க்கு 160 புள்ளி உள்ள சாம்பல் நிறத் திரை, 2 மெகாபைட் நினைவகம், ரெண்டு ட்ரிபிள் ஏ பேட்டரி. 2 மெகாபைட்ங்கிறது இன்னைக்கு நம்ம போன்ல எடுக்குற ஒரு போட்டோவுக்கே பத்தாது. ஆனா அந்த இடத்துலதான் ஆயிரக்கணக்கான விலாசங்கள், வருஷக்கணக்கான நாட்குறிப்பு எல்லாம் குடியிருந்தது.

இந்த விஷயத்தை எடுக்கக் காரணம், ரெண்டு நேயர்கள்கிட்ட இருந்து வந்த கேள்வி. முதல் கேள்வி ஒரு தோழி அனுப்பினது. "அண்ணா, அப்பாவோட பீரோவுல ஒரு பாம் த்ரீ கிடைச்சது. அப்பா இப்ப இல்ல. அதுல அவர் தினமும் ஏதாவது எழுதிட்டு இருப்பார். பேட்டரி மாத்தினேன், திரையில ஒண்ணுமே வரல. என்ன பண்றது?" ரெண்டாவது கேள்வி ஒரு தம்பி அனுப்பினது. அவரோட பெரியப்பா இன்னும் தினமும் பாம் த்ரீயைத்தான் பயன்படுத்துறாராம். கொடுத்த கைமாத்து, வாங்கின கைமாத்து எல்லாக் கணக்கும் அதுக்குள்ளதான். போன வாரத்துல இருந்து திரை வெறிச்சுன்னு இருக்கு, பட்டனை அழுத்தினா 'டிக்'னு சத்தம் மட்டும் வருதாம்.

வெளியில இருந்து பார்த்தா ரெண்டும் ஒரே கோளாறு. திரையில ஒண்ணும் தெரியல. ஆனா ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற. முதல்ல இதைப் புரிஞ்சுக்கணும். இல்லேன்னா காப்பாத்தப் போய் நாமே அழிச்சுடுவோம்.

நம்ம போன்ல பேட்டரி செத்துப்போனா என்ன ஆகும்? சார்ஜ் போட்டா எல்லாம் அப்படியே இருக்கும். போட்டோ, மெசேஜ், எல்லாம் ஃபிளாஷ் நினைவகத்துல இருக்கு, மின்சாரம் இல்லாமலே நிக்கும். பாம் த்ரீயில அப்படி இல்ல. நாம எழுதின எல்லாமே ரேம்ல இருக்கு. ரேம்ங்கிறது கையில ஏந்தி நிக்கிற தண்ணி மாதிரி. மின்சாரம் ஏந்திக்கிட்டே இருக்குற வரைக்கும்தான் நிக்கும். 'ஆஃப்' பண்ணினாலும் உண்மையில அது ஆஃப் ஆகுறதில்ல, தூங்குது. தூங்கும்போதும் பேட்டரியில இருந்து துளித்துளியா உறிஞ்சித்தான் நினைவை வெச்சிருக்கு.

அப்ப பேட்டரி தீர்ந்தா? கருவி இயங்காத அளவுக்குப் பேட்டரி இறங்கினாலும், பழைய பேட்டரியை உள்ளேயே விட்டு வெச்சா மிச்சசொச்ச மின்சாரத்துல தகவல் சுமார் ஒரு வாரம் தாங்கும். பேட்டரியை வெளியில எடுத்துட்டா, உள்ளே இருக்குற ஒரு மின்தேக்கி சுமார் ஒரு நிமிஷம் தாக்குப்பிடிக்கும். அவ்வளவுதான். ஒரு நிமிஷத்துக்குள்ள புது பேட்டரி போடணும்.

அதனால முதல் கேள்வி "திரை ஏன் வரல?" இல்ல. "இந்தக் கருவிக்குக் கடைசியா எப்ப மின்சாரம் இருந்தது?" அதுதான் முதல் கேள்வி.

தோழியோட கேஸுக்கு வருவோம். பீரோவுல பல வருஷம் கிடந்த கருவி. இதை நான் சுத்திவளைக்காம அவங்ககிட்ட சொன்னேன்: அந்த நினைவகத்துல இருந்த எழுத்து எப்பவோ போயிடுச்சு. திரையை மாத்தினாலும், உலகத்துலயே பெரிய மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்தாலும், ரேம்ல இருந்தது திரும்பாது. அவங்க கொஞ்ச நேரம் பேசல.

ஆனா கதை அங்க முடியல. பாம் பைலட்டோட பெரிய பலமே ஹாட்சிங்க். கருவியை ஒரு தாங்கியில நிறுத்தி, தாங்கியில இருக்குற ஒரே பட்டனை அழுத்தினா, உள்ளே இருக்குற எல்லாம் கம்ப்யூட்டர்லயும் ஒரு நகல் விழுந்துடும். நாட்குறிப்பு, விலாசம், செய்யவேண்டிய வேலை, மெமோ, எல்லாம். அப்பா பாம் வெச்சிருந்தார்னா, அந்தக் காலத்துல ஒரு கம்ப்யூட்டரும் வெச்சிருந்திருப்பார். "அந்தக் கம்ப்யூட்டர் எங்கேம்மா?"ன்னு கேட்டேன். "பரண்ல கிடக்கு, காயலான் கடைக்குப் போடணும்னு அம்மா சொல்லிட்டே இருக்காங்க"ன்னாங்க.

நிறுத்துங்க, முதல்ல அதை நிறுத்துங்கன்னு சொன்னேன். அந்தப் பழைய டெஸ்க்டாப் இயங்கணும்னு அவசியமே இல்ல. அதுக்குள்ள இருக்குற ஹார்டு டிஸ்க் மட்டும் போதும். பெட்டியைத் திறந்து டிஸ்க்கைக் கழட்டி, ஐடிஇ-யில இருந்து யூஎஸ்பிக்கு மாத்துற ஒரு அடாப்டர்ல மாட்டி, இப்போதைய லேப்டாப்ல சொருகினா போதும். சென்னையில இருக்குறவங்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போனா இந்த மாதிரி அடாப்டரைத் தேடலாம். டிஸ்க் தெரிஞ்சதும், சி டிரைவுல பாம்னு ஒரு ஃபோல்டர் இருக்கான்னு பாருங்க. சில சமயம் அது புரோகிராம் ஃபைல்ஸுக்குள்ள ஒளிஞ்சிருக்கும். அதுக்குள்ள பயனர் பேர்ல ஒரு ஃபோல்டர். பேர் சுருக்கமா, கடைசிப் பேர் முதல்ல வர மாதிரி இருக்கலாம். அதுக்குள்ள மெமோபேட், அட்ரஸ், டேட்புக்னு தனித்தனி ஃபோல்டர், ஒவ்வொண்ணுலயும் டேட் என்ற பின்னொட்டோட ஒரு கோப்பு.

உடனே திறக்காதீங்க. அந்த ஃபோல்டரை முழுசா வேற இடத்துக்கு ஒரு காப்பி எடுங்க. பழைய டிஸ்க், எந்த நிமிஷம் மக்கர் பண்ணும்னு சொல்ல முடியாது. காப்பி எடுத்த பிறகு அந்த மெமோபேட் கோப்பைச் சாதாரண டெக்ஸ்ட் எடிட்டர்ல திறங்க. முன்னாடியும் பின்னாடியும் கொஞ்சம் புரியாத குறிகள் இருக்கும். நடுவுல எழுதின வரிகள் அப்படியே வாசிக்கிற மாதிரி இருக்கும்.

அந்தத் தோழி ரெண்டு வாரம் கழிச்சு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாங்க. "கிடைச்சுதுண்ணா" அவ்வளவுதான். உள்ளே என்ன இருந்ததுன்னு நான் கேக்கல. அது அவங்க வீட்டு விஷயம். நீங்க கவனிக்க வேண்டியது வேற: கருவி கடைசி வரைக்கும் உயிர் பெறல. ஆனா தேடினது கிடைச்சுது. பொருள் வேற, அதுக்குள்ள இருந்தது வேற.

இப்ப பெரியப்பா கேஸ். இது அவசர சிகிச்சை. போன வாரம் வரைக்கும் ஓடின கருவி, பட்டனுக்குச் சத்தம் கொடுக்குது. அப்படின்னா மூளை முழிச்சிருக்கு, ரேம்ல கணக்கு இருக்கு, முகம் மட்டும்தான் இருட்டு. இங்க முதல் விதி: பேட்டரியில கை வைக்காதீங்க. கோளாறுன்னாலே பேட்டரியைக் கழட்டி மாட்டுறது நம்ம ஊர்ப் பழக்கம். இங்க அது ஆபத்து. ரெண்டு பேட்டரியும் தொடரா இணைஞ்சிருக்கு. ஒண்ணொண்ணா மாத்துறேன்னு ஒண்ணை எடுத்தாலே சுற்று அறுந்துடும். அந்த ஒரு நிமிஷ மின்தேக்கியும் இருபத்தஞ்சு வருஷக் கிழவன். அவனை நம்பி இறங்காதீங்க.

சரி, பேட்டரியைத் தொடாம என்ன பார்க்கலாம்?

ஒண்ணு, கான்ட்ராஸ்ட். பழைய பைலட்டுலயும் பாம் த்ரீயிலயும் பக்கவாட்டுல ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். பையில உரசி அது ஒரு ஓரத்துக்குத் திரும்பியிருந்தா திரை முழுக்க வெளுத்துடும், இல்ல முழுக்கக் கறுத்துடும். மெதுவா ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் திருப்பிப் பாருங்க. பாம் ஃபைவ்ல சக்கரம் கிடையாது, மேல் விளிம்புல ஒரு சின்ன பட்டன். ஏன் இது முக்கியம்னா, இந்த மாதிரி எல்சிடி திரைக்குப் பேட்டரி கொடுக்குற 3 வோல்ட் பத்தாது. உள்ளே ஒரு சின்னச் சுற்று அதைவிட அதிக அழுத்தத்தை உண்டாக்கிக் கொடுக்குது. அந்த அழுத்தத்தைத்தான் நாம சக்கரத்துல கூட்டிக் குறைக்கிறோம். பேட்டரி சோர்ந்தாலும் எழுத்து மங்கும், குளிர்லயும் மங்கும். அதனால 'செத்துடுச்சு'ன்னு நினைக்கிற பாதித் திரை, வெறும் சோர்ந்த திரை.

ரெண்டு, டார்ச். அறையில வெளிச்சத்தைக் குறைச்சுட்டு, போன் டார்ச்சைத் திரைமேல சாய்வா அடிச்சுப் பாருங்க. நிழல் மாதிரி எழுத்து தெரிஞ்சா, திரை வேலை செய்யுது, அழுத்தம்தான் குறைவு. ஒரு விஷயம், பாம் த்ரீயோட பின்விளக்கு கெட்டுப்போனாலும் பகல் வெளிச்சத்துல திரை தெரியணும். ஏன்னா அது வெளி வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பித்தான் காட்டுது. ஆனா பாம் த்ரீசி மாதிரி கலர் கருவிகள்ல கதை வேற. பின்விளக்கு போனா முழுத் திரையும் இருட்டாத்தான் தெரியும், படம் உள்ளே ஓடிக்கிட்டு இருந்தாலும்.

மூணு, பட்டன். பவர் பட்டன் தேஞ்சிருக்கலாம். கீழே இருக்குற நாலு பட்டன்கள், நாட்குறிப்பு, விலாசம், வேலை, மெமோ, இதுல எதை அழுத்தினாலும் கருவி முழிச்சுக்கும். அதையும் அழுத்திப் பாருங்க. சத்தம் வந்தா நல்ல அறிகுறி. சத்தம் வரலேன்னா உடனே முடிவு கட்டிடாதீங்க. பெரியப்பா சத்தத்தை ஆஃப் பண்ணி வெச்சிருக்கலாம்.

இதெல்லாம் பார்த்தும் திரை வரலையா? கவலை இல்ல. இங்கதான் ஹாட்சிங்க் நமக்குக் கை கொடுக்கும். ஹாட்சிங்க் பண்ணத் திரை தேவையே இல்ல. பட்டன் தாங்கியில இருக்கு. கண்ணைக் கட்டிக்கிட்டும் அழுத்தலாம்.

பாம் த்ரீயோட தாங்கி ஒன்பது முனை சீரியல் போர்ட்டுல சேரும். இப்போதைய லேப்டாப்ல அது கிடையாது. யூஎஸ்பி-சீரியல் அடாப்டர் ஒண்ணு வேணும். லினக்ஸ் தெரிஞ்சவங்களுக்கு பைலட்-லிங்க்னு ஒரு இலவசத் தொகுப்பு இருக்கு. அதுல பேக்கப் கட்டளையைக் கொடுத்துட்டுத் தாங்கி பட்டனை அழுத்தினா, கருவியில இருக்குறதை ஒவ்வொண்ணா இழுத்து ஒரு ஃபோல்டர்ல போட்டுடும். அது நகல் எடுக்கத்தான் செய்யும், கருவியில இருக்குற கணக்கை மாத்தி எழுதாது. எனக்குப் பிடிச்ச வழி இதுதான்.

விண்டோஸ்ல பழைய பாம் டெஸ்க்டாப் வெச்சிருக்கீங்கன்னா ஒரு எச்சரிக்கை. ஹாட்சிங்க் அமைப்புல ஒவ்வொரு பகுதிக்கும் எந்தத் திசையில நகல் போகணும்னு ஒரு தேர்வு இருக்கும். 'டெஸ்க்டாப்ல இருக்குறது கருவியில இருக்குறதை மாத்தி எழுதட்டும்'னு இருந்தா, காலியான கம்ப்யூட்டர் பெரியப்பாவோட இருபது வருஷக் கணக்கைத் துடைச்சு எடுத்துடும். பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி 'கருவியில இருக்குறது டெஸ்க்டாப்பை மாத்தி எழுதட்டும்'னு மாத்துங்க. கம்ப்யூட்டர்ல ஏற்கெனவே பழைய ஃபோல்டர் இருந்தா அதை முதல்ல தனியா காப்பி எடுத்து வெச்சுடுங்க. அப்புறம் அழுத்துங்க.

நகல் கிடைச்சாச்சா? மூச்சு விடுங்க. இனிமே தைரியமா வைத்தியம் பார்க்கலாம்.

இப்ப பேட்டரியை மாத்துங்க. புது ஆல்கலைன் போடுங்க. ரீசார்ஜ் பேட்டரி ஒண்ணுக்கு 1.2 வோல்ட்தான், சாதாரணத்துக்கு 1.5. சோதனை நேரத்துல அந்தக் குழப்பம் வேண்டாம். பேட்டரி அறையில வெள்ளையா உப்புப் பூத்த மாதிரி இருக்கா? ஆல்கலைன் பேட்டரி கசிஞ்சா வர்றது அது. காரத்தன்மை உள்ளது, அதனால புளிப்பு அதை முறிக்கும். வினிகரோ எலுமிச்சைச் சாறோ பஞ்சுக் குச்சியில லேசா தொட்டுத் துடைங்க, அப்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல துடைச்சு நல்லாக் காய விடுங்க. வெறும் கையால தொடாதீங்க. கம்பி முனை மங்கலா இருந்தா பென்சில் ரப்பரால தேய்ச்சா பளிச்சுன்னு ஆயிடும்.

இன்னும் வரலையா? ரீசெட். இதுல மூணு வகை. மூணும் வேற வேறன்னு தெரியாமதான் நிறைய பேர் எல்லாத்தையும் இழக்குறாங்க.

கருவியோட முதுகுல ஒரு ஊசித்துளை இருக்கும். பாம் த்ரீயோட எழுதுகோலின் தலையைத் திருகிக் கழட்டினா உள்ளேயே அதுக்கான ஊசி இருக்கும். துளையில மெதுவா அழுத்தி விட்டா சாஃப்ட் ரீசெட். நம்ம போனை ரீஸ்டார்ட் பண்ற மாதிரி, தகவல் போகாது. மேல் நகர்த்தும் பட்டனைப் பிடிச்சுக்கிட்டே ஊசியை அழுத்தினா வார்ம் ரீசெட். கூடுதலா போட்ட மென்பொருள்களை எழுப்பாம எழுந்திருக்கும். ஏதோ ஒரு மென்பொருள்தான் கருவியைத் திரும்பத் திரும்ப விழவைக்குதுன்னா இது உதவும், தகவலும் போகாது. பவர் பட்டனைப் பிடிச்சுக்கிட்டு ஊசியை அழுத்தினா ஹார்டு ரீசெட். அது எல்லாத்தையும் அழிச்சுடும்.

ஹார்டு ரீசெட்டுல கருவி ஒரு தடவை கேக்கும்: எல்லாத் தகவலையும் அழிக்கவா? ஆமான்னா மேல் பட்டனை அழுத்து, வேண்டாம்னா வேற எதையாவது அழுத்து. சாதாரணமா இது நல்ல பாதுகாப்பு. ஆனா உங்க திரை இருட்டு! கேள்வி கேட்டதே உங்களுக்குத் தெரியாது. எழுப்புறேன்னு கண்ட பட்டனையும் அழுத்தும்போது மேல் பட்டனும் அதுல ஒண்ணுன்னா, பதில் சொல்லிட்டீங்க. அதனால நகல் எடுக்காம, இருட்டுத் திரையை வெச்சுக்கிட்டு, பவர் பட்டனையும் ஊசியையும் சேர்த்து அழுத்தவே அழுத்தாதீங்க.

எல்லாம் பண்ணியும் திரை வரலேன்னா, கோளாறு வன்பொருள்ல. திரைக்கும் போர்டுக்கும் நடுவுல மெல்லிய இணைப்பு இருக்கு. வரி வரியா சில இடம் மட்டும் விடுபட்டிருந்தா அந்த இணைப்பு மேல சந்தேகம் வைங்க. மூலையில மை சிந்தின மாதிரி கறுப்பு படர்ந்திருந்தா கண்ணாடி உடைஞ்சிருக்கு. அதைச் சரிபண்ண முடியாது, இன்னொரு பழைய கருவியில இருந்து திரையைக் கழட்டிப் போடணும். பாம் த்ரீயைத் திருகு கழட்டித் திறந்துடலாம். பாம் ஃபைவ் பசை போட்டு ஒட்டினது, சூடு காட்டாம திறக்காது. பழக்கம் இல்லாதவங்க முயற்சி பண்ணாதீங்க.

இந்தப் பிரச்சினை பாமுக்கு மட்டும் இல்ல. அந்தக் காலத்து பாக்கெட் பிசிக்களும் தகவலை ரேம்லதான் வெச்சிருந்தது. 2005-ல விண்டோஸ் மொபைல் 5 வந்த பிறகுதான் மின்சாரம் போனாலும் தகவல் நிக்கிற முறை அந்தப் பக்கம் வந்தது. பாம் பக்கம் 2004-ல ட்ரியோ 650, டங்ஸ்டன் டி5-ல வந்தது. அதனால உங்க கையில கிடைச்ச கருவி அதுக்கு முன்னாடியதா, பின்னாடியதான்னு முதல்ல பாருங்க. பின்னாடியதுன்னா, பல வருஷம் பீரோவுல கிடந்தாலும் உள்ளே எழுத்து இருக்க வாய்ப்பு இருக்கு.

வரிசையை ஒரு தடவை சுருக்கமா சொல்லிடறேன், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கங்க. கடைசியா எப்ப மின்சாரம் இருந்ததுன்னு கேளுங்க. பல வருஷம் ஆச்சுன்னா பழைய கம்ப்யூட்டரைத் தேடுங்க. இப்பவும் உயிர் இருக்குன்னா பேட்டரியைத் தொடாம கான்ட்ராஸ்ட், டார்ச், பட்டன். அப்புறம் இருட்டுலயே ஹாட்சிங்க். நகல் கைக்கு வந்த பிறகு பேட்டரி, சாஃப்ட் ரீசெட், வார்ம் ரீசெட். ஹார்டு ரீசெட் கடைசியிலும் கடைசி.

இந்த வாரக் கடைசியில ஒரு வேலை பண்ணுங்க. வீட்டுல பெரியவங்ககிட்ட, "பழைய கம்ப்யூட்டர், பழைய போன் ஏதாவது பரண்ல இருக்கா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. இருந்தா, எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி டிஸ்க்கை மட்டும் கழட்டி, மேல ஒரு சீட்டு ஒட்டி, யாரோடதுன்னு பேர் எழுதி வைங்க. திறந்து பார்க்குறது எப்ப வேணா பார்த்துக்கலாம்.